ஊதிக் காட்டு

சாயங்காலம் குடிசைக்குள் நுழைவதற்கு முன்னால் சுப்ரமணி ஊத வேண்டும். ஆவணி மாதத்திலிருந்து அப்படி. வாசலில் அவன் குனிந்து நிற்பான். கூரை தாழ்ந்த குடிசை. ஊத வேண்டிய அவசியம் இல்லாதவர்களும் அங்கே குனிந்துதான் ஆக வேண்டும். அடுப்பண்டையிலிருந்து அவன் மனைவி வீரம்மாள் எழுந்து வந்து, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தை நீட்டுவாள்.

“ஊது.”

அவன் கன்னம் உப்ப ஊதுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் மழை பெய்கிறதா என்று காற்றில் தேடுகிறவளைப் போல மோந்து பார்ப்பாள்.

“இன்னா துன்ன?”

“வேர்க்கல்ல. நைனா வூட்ல குட்தாங்க.”

“எனுக்கு எட்னு வர்லியா?”

“அதான் ஊதறன் இல்ல? மோந்துக்கோ.”

அவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டி உள்ளே விடுவாள். ஏரிக்கரைக்குக் கீழே இருந்த இருளர் குடிசைகளில் இந்த வேடிக்கையைப் பார்க்காதவர்கள் இல்லை. சிலர் இதற்காகவே அந்த நேரத்தில் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்கு மாட்டிக்கொள்வான், நாளைக்கு மாட்டிக்கொள்வான் என்று அவர்களும் காத்திருந்தார்கள்.

காரணம் வீரம்மாளின் தம்பி அப்புவின் கல்யாணம். அன்று சுப்ரமணி பனந்தோப்புச் சாராயத்தை மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்து, மணப்பெண்ணை நகரச் சொல்லி அவள் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “எனுக்கும் ஒரு தாலி கட்டு” என்று கழுத்தை நீட்டினான். பெண் வீட்டார் சிரித்தார்கள். வீரம்மாள் சிரிக்கவில்லை. எல்லோர் முன்பாகவும் அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் ஏரிக்கரைக் கன்னிமார் கற்களுக்கு முன்னால், அவள் தலைமேல் கை வைத்து அவன் சத்தியம் செய்தான். இனிமேல் தொட மாட்டேன். அதற்குப் பிறகு தொடவும் இல்லை. ஆனால் சத்தியம் செய்தவனை ஊர் நம்புவதற்குச் சத்தியம் செய்யாதவனை நம்புவதைவிட அதிக நாள் ஆகிறது.

மார்கழியில், குடிசைக்காரர்கள் நைனா என்று கூப்பிடும் நிலக்காரர் பஞ்சாட்சரத்தின் நெல் கழனியில் புகையான் பூச்சி விழுந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். பச்சைப் பயிருக்கு நடுவில் வட்டம் வட்டமாகக் காய்ந்து, யாரோ இரவில் வந்து அங்கங்கே நெருப்பு மூட்டிவிட்டுப் போனதைப் போல இருந்தது. தூரைப் பிரித்துப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பழுப்பாகத் தத்துப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. பஞ்சாட்சரம் உத்திரமேரூருக்குப் போய் ஒரு தகர டின்னில் மருந்து வாங்கி வந்தார். பயிருக்கு யோசனை சொல்லும் சர்க்கார் ஆள், கிராம சேவக் வேதாசலம் சைக்கிளில் வந்து இறங்கி, டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெகு நேரம் பேசினார். பஞ்சாட்சரம் வெகு நேரம் தலையாட்டினார். அந்தப் பேச்சிலிருந்து சுப்ரமணியின் காதுக்கு வந்து சேர்ந்தது இரண்டு வார்த்தைதான்.

“பாத்து அடி.”

சுப்ரமணிக்கு விஷம் புதிதல்ல. எலி வளை வெட்டும்போது உள்ளே நாகம் இருந்தால் அதன் மூச்சே அவனுக்குக் கேட்கும். வாலைப் பிடித்து இழுத்துப் பானைக்குள் விடுகிறவன். ஆனால் அவனுக்குத் தெரிந்த விஷங்களுக்கெல்லாம் பல் இருந்தது. அவை கடிக்கும், கடித்த இடம் தெரியும். இதுவோ தகரத்துக்குள் சத்தம் காட்டாமல் இருந்தது. அதோடு அந்த ஊரில் அதற்கு விஷம் என்று பெயரும் இல்லை. மருந்து என்றுதான் பெயர்.

காலையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் பஞ்சாட்சரம் மூடியால் அளந்து வாளித் தண்ணீரில் ஊற்றினார். பழுப்பாக விழுந்தது, தண்ணீரில் பட்டதும் வெள்ளை வெளேரென்று பரவியது.

“பாலாட்டம் ஆவுது நைனா!”

“கலக்கு, கலக்கு. வெயில் ஏறப்போவுது.”

சுப்ரமணி முழங்கை வரை விட்டுக் கலக்கினான். பூண்டு நசுக்கினதைப் போல ஒரு வாடை அடித்தது. அவனுக்குக் கூழ் கொண்டு வந்திருந்த வீரம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “த்தூ, இன்னா நாத்தம்! பூச்சி சாவறதுக்கு முன்னாடி மனுசன் செத்துடுவான் போல கீது” என்று சொல்லிவிட்டு, பானையைக் கவிழ்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

பஞ்சாட்சரம் வாய்க்காலில் இறங்கி, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கை கழுவினார். சோப்பைத் துணியில் சுற்றிக் கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் சொருகிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார்.

தெளிப்பான் மிஷினை முதுகில் மாட்டியபோது சுப்ரமணிக்குப் பெருமையாக இருந்தது. இதுவரை அவனை எலி பிடிக்கவும் வேலி கட்டவும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இடுப்பில் ஒரு துண்டு, மேலே ஒன்றுமில்லை. ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டு, மறுகையால் குழாயை வீசிக்கொண்டு அவன் பயிருக்குள் நடந்தான். ஏரிப் பக்கமிருந்து காற்று எதிராக வந்தது. பனி மாதிரி மருந்து அவன் மேலேயே திரும்பி வந்து விழுந்தது. வெயிலில் அதற்குள் ஒரு சின்ன வானவில் தெரிந்தது. டேங்கின் மூடி சரியாகப் பொருந்தாததால் முதுகில் வழிந்துகொண்டே இருந்தது.

“முதுகு ஜில்லுனு கீது நைனா!” என்று கத்தினான்.

இரண்டாவது டேங்கில் குழாய் முனை அடைத்துக்கொண்டது. அவன் முனையைத் திருகி எடுத்து, வாயில் வைத்து, பலமாக ஊதினான். அடைப்பு விட்டது. உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“வூட்லதான் அவ ஊதச் சொல்றாள்னா இந்த மிசினும் ஊதச் சொல்லுது!”

பஞ்சாட்சரம் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்துக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த முனை அடிக்கடி அடைத்துக்கொண்டது.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் சுப்ரமணிக்குப் பொழுது சாய்வதைப் போலத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தான். சூரியன் தலைக்கு மேலேதான் இருந்தது. ஆனாலும் பயிரின்மேல் ஒரு சாம்பல் திரை இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் இருந்தவர் நிழலாகத் தெரிந்தார். வேர்வை மழையில் நனைந்தவனைப் போல ஊற்றியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துப்பத் துப்ப நிறைந்தது. முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்த்தன. அந்த நடை அவனுக்குத் தெரிந்த நடை. அப்பு கல்யாணத்தில் நடந்த நடை. அவனுக்கு வந்த முதல் நினைப்பு உயிரைப் பற்றியது அல்ல. பார்க்கிறார்களே என்பதுதான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“டேய் சுப்ரமணி! இன்னாடா தள்ளாட்ற?” என்றார் பஞ்சாட்சரம்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். எச்சில் கயிறாகத் தொங்கியது.

களை எடுத்தவர்களில் முனியம்மாளும் ஒருத்தி. அவனுக்கு அடுத்த குடிசைக்காரி. அவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். “அடிச்சிட்டு கீறான்யா! பனந்தோப்புப் பக்கம் ஒதுங்கனப்பவே நெனச்சேன்.”

“நா... அடிக்கல நைனா” என்றான் சுப்ரமணி. நாக்கு வீங்கினதைப் போலப் புரண்டது.

“அடிக்கலியா? அப்ப காலைலேர்ந்து என் கயனில இன்னாத்தடா பண்ண?”

“அடிச்சேன்... அத்த அடிச்சேன்...”

“ஒத்துக்கினான்யா!” என்று முனியம்மாள் கை தட்டினாள். கழனியே சிரித்தது. பஞ்சாட்சரமும் சிரித்தார். பிறகு அவர் முகம் கடுத்தது. “சத்தியம் பண்ண மூஞ்சியப் பாரு. மிசின எறக்கி வெச்சிட்டுப் போடா. கீய போட்டு ஒடச்சிடப் போற.”

அவன் மிஷினை இறக்கி வைத்தான். வரப்பில் ஏறினபோது வயிற்றைப் பிசைந்தது, அடக்க முடியவில்லை. துண்டு நனைந்து, கால் வழியாக இறங்கியது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காறித் துப்பினார்கள். யாரும் இப்போது சிரிக்கவில்லை. சிரிப்பு நின்றதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

அவன் வீட்டு வழியில் போகவில்லை. மதகுக்குப் பக்கத்துக் கோரைப்புதருக்குள் தண்ணீரில் போய் உட்கார்ந்துகொண்டான். அலம்பிக்கொள்ளலாம், இது போய்விடும், போன பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தான். அது போகவில்லை. மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவதைப் போல மூச்சு சீறியது. கை, தொடை, கண்ணிமையெல்லாம் தோலுக்குக் கீழே எறும்பு ஓடுகிற மாதிரி தனித்தனியாகத் துடித்தன. கடைசியில் பயம் வெட்கத்தை மிஞ்சியது. புல்லைப் பிடித்துக் கரையேறி, சில இடங்களில் தவழ்ந்து, குடிசைக்கு வந்து சேர்ந்தான்.

சேதி அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. முனியம்மாள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து சொல்லியிருந்தாள். குடிசைகளின் வெளியே எல்லோரும் நின்றார்கள். வீரம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

சுப்ரமணி வழக்கமான இடத்தில் வந்து குனிந்தான். குனிந்தது மரியாதையா, வயிற்று வலியா என்று யாருக்கும் தெரியாது. வாயைக் குவித்தான்.

“ஊதறன்...” என்றான்.

வீரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஊத வாணாம். ஊரே மோந்து பாத்திட்ச்சி.”

“அடிக்கல வீரம்மா...”

“என் தலமேல கைய வெச்சியே! என் தல வெடிக்கட்டும்னு இல்ல நெனச்சிட்ட? போ. அங்கியே போய் வுயுந்து கெட.”

தட்டியை இழுத்து மூடினாள். உள்ளே போய் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வெளியே அவன் வாந்தி எடுப்பது கேட்டது. “நல்லா எடுக்கட்டும், தெளியும்” என்று யாரோ சொன்னார்கள். “மோர் இருந்தா ஊத்து” என்று இன்னொரு குரல். “இவனுக்கு மோர் வேறயா?” என்றாள் முனியம்மாள். வீரம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிட, இத்தனை மாதம் அத்தனை பேர் முன்னால் முகத்தை நீட்டி நீட்டி மோந்து பார்த்தோமே என்ற அவமானம்தான் பெரிதாக இருந்தது.

அப்புறம் தட்டி ஆடத் தொடங்கியது. தள்ளுகிற ஆட்டம் இல்லை. சலசலவென்று, காற்றில் ஓலை நடுங்குவதைப் போல.

“அக்கா!” என்று அப்புவின் குரல் கேட்டது. “கதவத் தொற. மாமா ஒடம்பு துடிக்குது. இது வேற மாதிரி கீதுக்கா.”

அவள் தட்டியை விலக்கினாள். அதில் சாய்ந்திருந்தவன் அவள் காலடியில் சரிந்தான். வாயெல்லாம் நுரை. முந்தானையால் அதைத் துடைக்கக் குனிந்தாள். அப்போது அவன் நெஞ்சிலிருந்து சீறிக்கொண்டு ஒரு மூச்சு வெளியே வந்து அவள் முகத்தில் பட்டது.

அவள் கண் தானாகவே மூடிக்கொண்டது. புளித்த வாடை இல்லை. பூண்டு வாடை. அந்தக் குடிசைகளில் பிள்ளை பெற்ற வீட்டைத் தவிர யாரும் பூண்டு வாங்குவதில்லை. காலையில் மூக்கைப் பொத்தியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“ஊதுய்யா” என்றாள். “இன்னொரு தபா ஊது. எனுக்காக ஊது.”

அவனால் ஊத முடியவில்லை. அவளே அவன் வாய்க்கு மேல் முகத்தை வைத்து, அடுத்த மூச்சு வரும் வரைக்கும் காத்திருந்து, மோந்து பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

“சாராயம் இல்ல. கயனி மருந்து. அத்த அடிச்சேன்னு சொல்லியிருக்கான். மருந்து அடிச்சேன்னு.”

முனியம்மாள், “நா இன்னாத்தக் கண்டேன், தள்ளாடினான்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அப்பு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓடினான். வீரம்மாள் மோட்டார் கொட்டகைப் பக்கம் சுற்றிக்கொண்டு ஓடி, அங்கே கிடந்த தகர டின்னை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டாள். வைத்தியம் பார்க்க அது வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. சாராயம் இல்லை என்று காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று எடுத்தாள்.

பஞ்சாட்சரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லம்மாள் வாசலில் நின்று, “ஏம்மா, குடிச்சவன எதுக்கு இங்க தூக்கினு வரீங்க? வூட்ல போட்டுத் தூங்க வெய்ங்க” என்றாள்.

“குடிக்கலம்மா. நைனா, வண்டி கட்டு. உத்தரமேரூருக்கு எட்னு போவணும்.”

பஞ்சாட்சரம் எச்சில் கையோடு எழுந்து வந்தார். “என் கண்ணால பாத்தேன் வீரம்மா. என் வாயால கேட்டேன், அவனே ஒத்துக்கினான். குடிகாரனுக்கு நா வண்டி கட்னா ஊரு சிரிக்கும்.”

“நீ கண்ணாலதான பாத்த? மோந்து பாரு நைனா.”

“இன்னாடி?”

“குனிஞ்சி மோந்து பாரு. சாராய நாத்தம் அடிச்சா நாங்க இப்பிடியே தூக்கினு போயிட்றோம்.”

அவர் குனியவில்லை. அந்தக் குடிசைக்காரர்கள் யாரையும் அவர் ஒரு கை தூரத்துக்கு உள்ளே விட்டதில்லை. விடுவதா வேண்டாமா என்று யோசித்ததும் இல்லை. அதனால் இப்போது அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. செல்லம்மாள் அவரைப் பார்த்தாள். அப்பு, மாமனை வாசல் மண்ணில் கிடத்தினான். சீறல் நடுநடுவே நின்று நின்று வந்தது.

பஞ்சாட்சரம் மண்டியிட்டார். சுப்ரமணியின் முகத்துக்கு மேல் தன் முகத்தைக் கொண்டுபோனார். அந்த முகத்தில் இருந்த கண்களைப் பார்த்தார். கருவிழிக்கு நடுவில் இருக்க வேண்டிய வட்டம் குண்டூசி குத்தின அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மூச்சு வந்தது. அந்த வாடை அவருக்குத் தெரியும். காலையில் அவர் கையில் இருந்த வாடை. சோப்புப் போட்டு அவர் கழுவின வாடை.

எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. கையைக்கூட அலம்பாமல் மாட்டுக் கொட்டகைக்கு ஓடி, தானே மாடுகளைப் பிடித்து நுகத்தில் பூட்டினார்.

வண்டி ஏரிக்கரைச் சாலையில் ஓடியது. தண்ணீருக்கு மேல் கொக்குகள் வெள்ளைத் துணி உதறினாற்போல எழுந்து உட்கார்ந்தன. பஞ்சாட்சரம் முன்னால் உட்கார்ந்து, திரும்பாமல், மாடுகளோடு பேசுகிறவரைப் போலப் பேசிக்கொண்டே வந்தார்.

“வேதாசலம் சொன்னாரு. எல்லாம் சொன்னாரு. காத்துக்கு எதுக்க அடிக்காதேன்னாரு. சட்ட போடு, மூக்குல துணி கட்டுன்னாரு. கைய வுட்டுக் கலக்காதே, கொம்பால கலக்குன்னாரு. கொயா மொன அடச்சா வாயால ஊதாதே, ஈர்க்குச்சி வுட்டுக் குத்துன்னாரு...”

வீரம்மாள் கேட்டாள்: “அவுரு சொன்னத நீ யாருக்குச் சொன்ன நைனா?”

அவர் மாட்டை அடித்தார். அடிக்கத் தேவையில்லாத மாடு அது.

“படிச்சவங்க பேச்சு, சும்மா நீட்டி மொயக்குறாங்கன்னு நெனச்சேன்” என்றார். “சோப்ப ஒண்டி எட்துக்கினேன்.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர். படுக்கையில் போட்ட உடனே இமையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். “என்ன குடிச்சான்?”

“குடிக்கல சார், அடிச்சான்” என்றார் பஞ்சாட்சரம்.

“அடிச்சான்னா? சாராயமா?”

பஞ்சாட்சரம் இல்லையென்று தலையை ஆட்டினார். பகலில் அவர் கேட்ட கேள்வி இது. அப்போது எவ்வளவு சுலபமாக இருந்தது.

“இல்ல சார். என் கயனிக்கு மருந்து அடிச்சான். நான்தான் அடிக்கச் சொன்னேன். அவன் குடிக்கல.”

“இந்த மருந்தக் குடிக்க வேண்டியதில்லைங்க. தோலே குடிச்சிடும்” என்றார் டாக்டர். “என்ன மருந்து? பேர் என்ன?”

பஞ்சாட்சரத்துக்குப் பெயர் தெரியவில்லை. புகையானுக்கு மருந்து என்று கேட்டுத்தான் வாங்கியிருந்தார். வீரம்மாள் மார்போடு பிடித்திருந்த டின்னை நீட்டினாள். அவள் ரவிக்கையும் முந்தானையும் எண்ணெய் பட்டதைப் போல நனைந்திருந்தன.

“அதக் கீழ வைம்மா! தொடாத!” என்று டாக்டர் கத்தினார். எட்ட நின்று குனிந்து சீட்டைப் படித்தார். “பாராத்தியான். நல்லவேளை, கொண்டு வந்தீங்க. சிஸ்டர், அட்ரோபின் எடுங்க, நிறைய வேணும். நரம்பு ஓயாம ஏவிக்கிட்டே இருக்கு, அதான் இந்தத் துடிப்பு, இந்த எச்சில், எல்லாம். ஊசி ஒரு பக்கம் போகட்டும். இவன் மேல இருக்கறத முதல்ல கழுவணும். அது இருக்கற வரைக்கும் உள்ள போய்க்கிட்டே இருக்கும். நீயும் புடவைய மாத்திட்டு, சோப்புப் போட்டுக் கழுவிக்கம்மா.”

நர்ஸ் அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சேலையும் ரப்பர் கையுறையும் கொடுத்தாள். பின்பக்கத்துக் குழாயடியில் அவனை உட்கார வைத்தார்கள். அழுக்கோடு இருந்த துண்டைக் கழற்றித் தனியாக எறிந்தார்கள். அப்பு பின்னாலிருந்து தாங்கிக்கொண்டான். வீரம்மாள் சிவப்புச் சோப்பைப் போட்டு, மயிர்க்கால், காது மடல், நகக்கண் என்று ஒன்று விடாமல் தேய்த்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றியது பஞ்சாட்சரம். அவருடைய கழனியின் மருந்து அவர் காலடி வழியாகச் சாக்கடைக்கு ஓடியது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் தலை நிமிரவில்லை.

ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். எச்சில் வற்றி, மார்புச் சீறல் அடங்கி, கண்ணின் வட்டம் விரியும் வரைக்கும் போட்டார்கள். விடிந்தபோது உயிர் பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் சுப்ரமணி இன்னும் இந்த உலகத்துக்கு வரவில்லை. முகம் சிவந்து, உதடு காய்ந்து, பெரிய கறுப்புக் கண்களால் கூரையில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கழுத்தை நீட்டினான்.

“எனுக்கும் ஒரு தாலி கட்டு” என்றான், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். “ராவு நல்லா ஏத்தியிருக்கான் போல கீது” என்றார் ஒரு கிழவர்.

“ஊசி மருந்தோட வேலை அது, தெளிஞ்சிடும்” என்றாள் நர்ஸ்.

வீரம்மாள் அவனை அடக்கவில்லை. கிழவரைத் திட்டவும் இல்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போக இந்த முறை இடமும் இல்லை. அவன் நீட்டின கழுத்தில் தன் விரலால் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு என்று இல்லாத கயிற்றைப் போட்டாள். “கட்டியாச்சி. படு” என்றாள். அவன் சாதுவாகப் படுத்துக்கொண்டான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தம் வராமல், முந்தானை நனைய அழுதாள்.

பொங்கலுக்கு முன்னால் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பஞ்சாட்சரம் டின்னைக் கழனியின் மூலையில், வாய்க்காலுக்கு எட்ட, ஆள் உயரக் குழி வெட்டிப் புதைத்தார். எண்ணெய் ஊற்றி வைக்க ஆகும் என்று செல்லம்மாள் கேட்டதற்கு அவளை முறைத்துப் பார்த்தார். அன்று மாலை இருளர் குடிசைகளுக்கு வந்தார். அதுவரைக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறாரே தவிர வந்ததில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சொல்ல வந்ததை அவர் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். வாய்க்கு வந்தபோது அது சின்னதாகிவிட்டது.

“அன்னிக்கி அவன் குடிக்கல” என்றார்.

“எங்களுக்குத் தெரியாதா நைனா!” என்றாள் முனியம்மாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அங்கே நின்ற எல்லோருமே தரையைப் பார்த்தார்கள். அவர் வந்த வழியே திரும்பிப் போனார்.

மறுநாள் சுப்ரமணி முதல்முறையாக ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தான். மெலிந்த உடம்பு, கால் இன்னும் சரியாகப் பாவவில்லை. வாசலில் வந்து குனிந்தான். குனிந்தபடியே நின்றான். வெளியே அந்த நேரத்தில் உட்காருகிறவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து குரல் வரவில்லை.

“இன்னா, ஊத வாணாமா?”

“வாணாம். உள்ள வா.”

“ஏன், ஊரே மோந்து பாத்திட்ச்சா?”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். பழைய சிரிப்போடுதான் சொன்னான். ஆனால் அடுப்பண்டை அவள் கை அப்படியே நின்றுவிட்டது. முதுகு மட்டும் அவனுக்குத் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நழுவிற்று. இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது. எடுத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை. உள்ளே போகவும் கால் வரவில்லை. ஊதாமல் அந்த வாசலைத் தாண்டி அதற்குப் பழக்கமில்லை.

“தே, வீரம்மா” என்றான் மெல்ல. “நீ மோந்து பாத்ததாலதான் நா கீறேன். வந்து மூஞ்சியக் காட்டு. இல்லாட்டி நா இப்பிடியே நிப்பேன். முதுகு வலிக்குது.”

அவள் எழுந்து வந்தாள். கை இடுப்புக்குப் போகவில்லை, பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தை நீட்டினாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய வேளையில் அவனைப் பார்க்கவும் முடியாமல், மூடவும் முடியாமல், அவன் மோவாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கன்னம் உப்ப ஊதினான். முன்னைப்போலப் பலமாக வரவில்லை.

“இன்னா வாசன வருது?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். மறுபடியும் உறிஞ்சினாள்.

“தெரியல” என்றாள். “அயுது அயுது மூக்கு அடச்சிக்கினு கீது.”

“அப்ப நாளிக்கி ஊதறன்” என்று சொல்லி, அவள் விலகி வழிவிடக் காத்துக்கொண்டு, அவன் குனிந்தபடியே நின்றான்.